பேனரில் சிரிக்கும் முகம்

கேள்வி:

மேடம், எனக்கு வயது 27. சொந்த ஊர் கடலூரின் பழைய நகரமான ஓ.டி. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக இருந்தேன். சபை மூலமாக ஒரு வருட ஊழியத்துக்குத் தான்சானியா வந்து நாலு மாதம் ஆகிறது. விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு கிராமம், முவான்சா நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். சபைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கணவரை இழந்த ஒரு அம்மாவின் வீட்டில் எனக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள்.

முதல் மாதம் எல்லாமே அழகாக இருந்தது. இப்போது எதுவுமே பிடிக்கவில்லை. மதியம், ராத்திரி இரண்டு வேளையும் உகாலி என்ற மக்காச்சோளக் களி. காலை ஆறு மணிக்கே வாசலில் 'ஹொடி' (உள்ளே வரலாமா) என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தெருவில் போனால் பிள்ளைகள் 'ம்ஹிந்தி, ம்ஹிந்தி' என்று கத்துகிறார்கள். கடைக்காரர் முதல் சபையின் மூப்பர் வரை கடன் கேட்கிறார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்காத ஆள் இல்லை. ஆராதனை மூன்று மணி நேரம். முடிந்ததும் வெளியே நின்று கோழியை ஏலம் விடுகிறார்கள். காலை பத்து மணிக் கூட்டத்துக்கு மாலை நாலு மணிக்குப் போய் நின்று அவமானப்பட்டேன். தட்டை இரண்டு முறை கழுவாமல் சாப்பிட முடிவதில்லை. ஞாயிறு ராத்திரி மலேரியா மாத்திரை போட்டால் திங்கள், செவ்வாய் பயங்கரக் கனவு, படபடப்பு. சாயங்காலம் ஏரியில் முழங்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்பேன், சில்வர் பீச் ஞாபகம் வரும். அது ஒன்றுதான் ஆறுதல்.

போன வாரம் ரசத்தை நினைத்து அழுதேன். ரசத்துக்கு அழுகிற நான் என்ன மிஷனெரி? மாதா மாதம் ஜெபக்கடிதத்தில் 'தேவன் அற்புதமாய் நடத்துகிறார்' என்று எழுதி அனுப்புகிறேன். என்னை வழியனுப்பி வைத்த பேனர் சபை வாசலில் இன்னும் தொங்குகிறதாம். பாதியில் திரும்பினால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்? என் அழைப்பே பொய்யா?

பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அழைப்பு உண்மையா பொய்யா என்பது உங்களுக்குப் பெரிய கேள்வி. எனக்கோ, நடுவில் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன இரண்டு விஷயங்களைப் படித்ததும் வேறு எதிலும் மனம் போகவில்லை. ஒன்று அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. இன்னொன்று ஏரித் தண்ணீர். இரண்டையும் பேசிவிட்டு அழைப்புக்கு வருகிறேன்.

மலேரியா வராமல் இருக்க வாரம் ஒருமுறை போடுகிற மாத்திரை என்றால் பெரும்பாலும் அது மெஃப்ளோக்குவின். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதுவாக இருந்தால், கெட்ட கனவு, படபடப்பு, காரணம் தெரியாத பயம், மனச்சோர்வு எல்லாமே அதன் பக்கவிளைவுகளாக மருத்துவ உலகம் நன்றாக அறிந்தவை. 2013-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கட்டம் கட்டிய எச்சரிக்கையை அதன் மேல் சேர்க்க வைத்தது. முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இதைத் தடுப்பு மருந்தாகக் கொடுக்கக் கூடாது. கிளம்பும்போது உங்களிடம் யாராவது அதைக் கேட்டார்களா? இந்த மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். எனவே செவ்வாய்க்கிழமையோடு அதன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உங்கள் அழுகைக்கு இதுதான் காரணம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இதை விசாரிக்காமல் விசுவாசத்தை விசாரணைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

அட்டையில் குளோரோகுவின் என்று போட்டிருந்தால் அது வேறு வகைத் தலைவலி. அங்குள்ள மலேரியாக் கிருமி அதற்கு அடங்குவதில்லை. போட்டும் போடாத மாதிரிதான்.

எதுவானாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பக்கத்து மலேரியா சில நாட்களிலேயே உயிருக்கு உலை வைக்கக் கூடியது. முவான்சாவில் புகாண்டோ என்ற பெரிய மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே போய் மருத்துவரிடம் கனவையும் படபடப்பையும் சொல்லி, மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். தினமும் போடுகிற டாக்ஸிசைக்ளின் இருக்கிறது. வெயில் பட்டால் தோல் கன்றிப்போகும், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், போட்டவுடன் படுக்கக் கூடாது. அடோவாகுவோனும் புரோகுவானிலும் சேர்ந்த மாத்திரை ஒன்றும் இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கடிக்கும். எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை அந்த மருத்துவர் சொல்லட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒருமுறை நானே கோட்டைவிட்டிருக்கிறேன். மனநல ஆலோசனைத் தொழிலுக்கு வந்த புதிதில், ஆப்பிரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து தூக்கமில்லை, பயமாக இருக்கிறது என்றார். மூன்று அமர்வு அவருடைய சின்ன வயதைத் தோண்டினேன், அப்பாவைத் தோண்டினேன். நாலாவது முறை கிளம்பும்போது கதவருகில் நின்றுகொண்டு, 'மேடம், இந்த வார மாத்திரையை இங்கேயும் போடணுமா?' என்றார். அன்றிலிருந்து வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் என் முதல் கேள்வி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான்.

அடுத்தது ஏரி. தேவனாம்பட்டினத்து அலையில் கால் நனைத்து வளர்ந்த பெண்ணிடம் தண்ணீரில் இறங்காதே என்று சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் விக்டோரியா ஏரி கடல் இல்லை. கரையோர நன்னீரில் வாழும் ஒருவகை நத்தையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் வெளியே வந்து, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பில்ஹார்சியா என்பார்கள். சில நிமிடம் நின்றாலே போதும், வலிகூடத் தெரியாது. கவனிக்காமல் விட்டால் வருடக்கணக்கில் குடலையும் ஈரலையும் அரிக்கும். பயப்பட வேண்டாம், பிராசிகுவாண்டல் என்ற மாத்திரையில் தீர்ந்துவிடும். கடைசியாகத் தண்ணீரில் இறங்கி சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்தால்தான் சரியாகத் தெரியும் என்பதால் தேதியைக் குறித்து வையுங்கள். ஊருக்கு வந்த பிறகு பரிசோதிப்பதாக இருந்தால் நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். நம் பக்கத்து மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிற நோய் இல்லை இது. ஏரியைப் பார்க்கப் போங்கள், தினமும் போங்கள். கரையில் ஒரு கல்லில் உட்காருங்கள். கால் மட்டும் தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்வி.

நான் சபைக்குப் போகிறவள் இல்லை. புதுச்சேரி மிஷன் வீதிக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து, சம்பா கோயில் மணிச் சத்தத்தில் கண் விழித்தவள், அவ்வளவுதான். அழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. களைப்பைப் பற்றிச் சொல்லத் தெரியும்.

கடலூரில் காலையில் எழுந்து பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை நீங்கள் எத்தனை விஷயத்தை யோசித்துச் செய்திருப்பீர்கள்? ஒன்றுகூட இருக்காது. இருட்டிலும் கை சுவிட்சைத் தொடும். எந்தக் குழாயில் எந்த நேரம் தண்ணீர் வரும் என்று தெரியும். மீன்காரம்மா 'முந்நூறு' என்று சொல்கிற சுரத்திலேயே அது இருநூற்றைம்பதுக்கு இறங்கும் என்று காது சொல்லிவிடும். எதிரே வருகிற பெரியவருக்குத் தலையை எவ்வளவு ஆட்ட வேண்டும் என்பதைக் கழுத்தே பார்த்துக்கொள்ளும். அங்கே போனதும் இத்தனையும் ஒரே நாளில் கணக்குப் பாடமாகிவிட்டது. எந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது, யாருக்கு முதலில் வணக்கம், இந்த விலை நியாயமா, அவர் சிரித்தது என்னைப் பார்த்தா? பாடம் எடுக்கத் தொடங்கும் முன்பே நூறு கணக்குப் போட்டுவிடுகிறீர்கள். சாயங்காலம் ரசம் ஞாபகம் வந்தால் கண் கலங்காமல் என்ன செய்யும்?

இதற்கு 'கல்ச்சர் ஷாக்' என்ற பெயரைப் பரவலாக்கியவர் காலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர். 1960-ல் அவர் அதைப் பற்றி எழுதிய கட்டுரை வந்தது, மிஷனெரிகள் விரும்பிப் படித்த ஒரு இதழில். அதில் அடையாளங்களை வரிசையாகச் சொல்கிறார்: ஓயாமல் கை கழுவுவது, குடிதண்ணீரையும் தட்டையும் படுக்கையையும் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுவது, ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம், சின்னத் தாமதத்துக்குப் பெரிய கோபம், ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்ற ஏக்கம். உங்கள் கடிதத்தை ஒளிந்திருந்து பார்த்து எழுதினாரோ என்று தோன்றும். முதலில் தேனிலவு, பிறகு கசப்பு, பிறகு மெல்லத் தேறுவது என்கிற வரிசையும் அவர் சொன்னதுதான். எல்லோருக்கும் அச்சடித்தாற்போல் அப்படியே நடக்கும் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நாலாவது மாதத்தில் கசப்பது மட்டும் நான் அடிக்கடி பார்ப்பது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். நீங்கள் கொடுக்கப் போனவர். டீச்சர் வேறு. அங்கே நாலு வயதுப் பிள்ளைகூட உங்களைவிட நன்றாக சுவாஹிலி பேசுகிறது. அந்த வீட்டம்மா உங்களுக்குச் சோறு போட்டு, வழி காட்டி, சந்தைக்குக் கூட்டிப் போய், ஏமாறாமல் பார்த்துக்கொள்கிறார். கொடுக்கப் போனவர் நாள் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்கிறீர்கள். ரசத்தைவிட இது கசக்கும்.

உங்கள் ஊருக்குத் தெற்கே அதே கடற்கரையில் தரங்கம்பாடி. 1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனெரி அங்கே வந்து இறங்கியபோது அவருக்கு 24 முடியவில்லை. தமிழ் ஓர் எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மண்ணில் உட்கார்ந்து, விரலால் மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஜெர்மனியில் இறையியல் படித்தவர், ஆறு வயதுப் பையன்களுக்கு நடுவில். ஊரே நின்று வேடிக்கை பார்த்திருக்கும். டேனிஷ் கோட்டை அதிகாரியோடு உரசலாகி நாலு மாதம் சிறையிலும் இருந்தார். உங்கள் கடலூரிலேயே கிர்நாண்டர் என்ற சுவீடன்காரர் 1740-ல் வந்து, 1758-ல் பிரெஞ்சுப் படை செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்கும் வரை இருந்துவிட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். அவர்கள் எல்லாம் எதற்கெல்லாம் அழுதார்கள் என்று நமக்கு எங்கே தெரியும்? அவர்களுடைய சபைகளும் நல்ல செய்தியைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கும்.

ஆகவே கொஞ்ச நாள் நீங்களும் மணலில் உட்காருங்கள். அந்த வீட்டில் உங்களுக்கு இன்னும் வேலை கொடுக்கவில்லை என்று ஊகிக்கிறேன். விருந்தாளியை அடுப்படியில் விடுவது அவர்களுக்கும் வெட்கம். மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கட்டி தட்டாமல் கிளறுவதைக் கற்றுக்கொடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். முதல் தடவை கட்டி தட்டும், அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்கட்டும். உங்கள் பாட்டி கேழ்வரகுக் களி கிளறியதைப் பார்த்திருந்தால் இரண்டாம் தடவையே கை பிடிபட்டுவிடும். உகாலியைக் கையில் உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி அமுக்கி, அதில் குழம்பை அள்ளிச் சாப்பிடுகிறார்கள் இல்லையா, அந்தக் கைப்பழக்கம் நமக்கு அந்நியமா என்ன?

அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன? டகா என்று வெள்ளி மாதிரி மின்னுகிற குட்டி மீனை ஏரிக்கரை மணலில் பரப்பிக் காய வைக்கிறார்களே, நீங்கள் சாயங்காலம் நடந்து போகிற வழியிலேயே இருக்கும். ஓ.டி. துறைமுகத்தில் பெண்கள் நெத்திலியைப் பரப்பிவிட்டுக் காகம் விரட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். மணல் போக நாலு தண்ணீரில் அலசி, உங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்துப் பாருங்கள். புளிக்கு அங்கே உக்வாஜு என்று பெயர், சந்தையில் கிடைக்கும். தக்காளி, பூண்டு, மிளகு எல்லாம் உண்டு. சீரகமும் கடுகும் முவான்சாவில் இந்தியர்கள் கடையில் வாங்கலாம். சொல்லப்போனால் கடைக்கு அவர்கள் சொல்லும் 'டூக்கா' என்ற சொல்லே இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனதுதான். சப்பாத்தியும் அச்சாரும் அதே கப்பலில் போனவை. ஆட்டோவுக்கு 'பஜாஜி' என்று பெயர். யாரால் வந்த பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஆங்கிலத்தில் எல்லாமே 'ரைஸ்'. வயலில் நின்றாலும் ரைஸ், மூட்டையில் இருந்தாலும் ரைஸ், தட்டில் ஆவி பறந்தாலும் ரைஸ். சுவாஹிலியில் நெல்லுக்கு ம்புங்கா, அரிசிக்கு ம்ச்செலே, சோற்றுக்கு வாலி. நம்மைப் போலவே மூன்று. அந்த மொழியைக் கற்கும்போது ஆங்கிலத்தை நடுவில் தரகராக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தமிழிலிருந்து நேராகப் போங்கள், பாதி தூரம் குறையும். பெரியவர்களைக் கண்டால் 'ஷிகாமோ' என்கிறார்களே, உங்கள் பாதத்தைப் பிடிக்கிறேன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 'மரஹபா' என்று அவர் ஏற்றுக்கொள்வார். பாதம் பணிவது நமக்குப் புதிதில்லை. நீங்கள் தடுக்கி விழுந்தாலும், சுமை தூக்கினாலும், அழுதாலும் 'போலே' என்பார்கள். அதை ஆங்கிலத்தில் 'ஸாரி' என்று கேட்டால் இவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று குழம்புவீர்கள். 'அச்சச்சோ' என்று கேட்டுப் பாருங்கள், சரியாக வந்து உட்காரும். உறவுமுறையில் மட்டும் தமிழ் காலை வாரிவிடும்: அம்மாவுக்கு 'மாமா', அண்ணனுக்கு 'காக்கா', அக்காவுக்கு 'தாதா'. கடலூரில் கணக்கு டீச்சராக இருந்தவர் அங்கே தாதா. ஜெபக்கடிதத்தில் இதை எழுதியிருந்தால் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்!

கடிகாரத்தில் ஏமாந்தது உங்கள் தப்பில்லை. அங்கே நாள் விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒன்று, எட்டு இரண்டு, பத்து நாலு. நம் பழைய நாழிகைக் கணக்கும் உதயத்தில்தானே தொடங்குகிறது. கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டுமா, கடிகாரத்தில் அவர்கள் சொல்லும் எண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் எண்தான் நம் மணி. நாலுக்கு எதிரே பத்து. இனிமேல் யாராவது நேரம் சொன்னால் 'காலையா, சாயங்காலமா' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்வதால்தான் அவர்கள் முகம் வாடுகிறது. 'பாடோ' என்று சொல்லுங்கள், 'இன்னும் இல்லை' என்று அர்த்தம். கதவைச் சாத்தாத பதில். நம் ஊர் அத்தைகளிடம் 'பார்த்துட்டு இருக்காங்க' என்று சொல்லித் தப்பிப்போமே, அதேதான். பிள்ளைகள் 'ம்ஹிந்தி' என்று கத்துவது திட்டு இல்லை, 'இந்தியக்காரி' என்பது மட்டுமே. நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பக்கத்து நகரங்களில் கடை வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் குஜராத்திகள். அதனால் உங்களைப் பார்த்ததும் ஒரு கடை முதலாளியின் மகள் என்று நினைக்கிறார்கள், கடனும் கேட்கிறார்கள். கையில் ரொக்கமாக யாருக்கும் கொடுக்காதீர்கள், மூப்பருக்கும்தான். உதவி செய்யத் தோன்றினால் வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு அரை கிலோ சர்க்கரை, ஒரு சோப்பு என்று பொருளாகக் கொடுங்கள். யாருக்கு உண்மையில் தேவை, யார் சும்மா கேட்டுப் பார்க்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கோழி ஏலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம். காசில்லாதவர்கள் காணிக்கையாகக் கோழியும் முட்டையும் சோளமும் கொண்டுவருகிறார்கள், அதை ஏலம் விட்டுப் பணமாக்குகிறார்கள். உங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகையன்று ஒரு தேங்காயை ஐந்நூறு ரூபாய்க்கு ஏற்றிவிட்டு எல்லோரும் கைதட்டுவீர்களே, அது என்ன? அடுத்த ஞாயிறு நீங்களும் ஒரு முட்டைக்குக் கேட்டுப் பாருங்கள்.

காலை ஆறு மணி 'ஹொடி' தான் உண்மையிலேயே கஷ்டம். அதில் நான் உங்கள் பக்கம். தனியாக ஒரு மணி நேரம் இல்லாமல் உங்களைப் போன்றவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது. கதவைச் சாத்தினால் திமிர் என்பார்கள், திறந்தே வைத்தால் நீங்கள் உடைந்துபோவீர்கள். ஒரு வழி சொல்கிறேன். காலையில் அரை மணி நேரம் நீங்களே வெளியே போய் வாசலில் உட்காருங்கள். வருகிறவர்களுக்கு 'கரிபு', அதாவது வாருங்கள் என்று சொல்லுங்கள், நலம் விசாரியுங்கள், கடமை முடிந்தது. பிறகு மதியம் ஒரு மணி நேரம் 'நினபும்சிகா', அதாவது ஓய்வெடுக்கிறேன் என்று வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். யார் வந்தாலும் அவர் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார். இங்கே ஒரு பிரெஞ்சுப் பெண் என்னிடம் வந்தபோது அவருடைய புகார் என்ன தெரியுமா? 'எல்லோரும் சாப்டீங்களா என்று கேட்கிறார்கள், நான் பதில் சொல்வதற்குள் போய்விடுகிறார்கள். கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டாமலே இட்லியோடு உள்ளே வந்து நிற்கிறார்.' அந்தக் கீழ்வீட்டு அம்மாதான் உங்கள் 'ஹொடி'க்காரர்.

அந்த ஒரு மணி நேரத்தில் போனை எடுக்காமல் இருந்தால் நல்லது. அம்மாவிடம் தினம் மூன்று முறை பேசுகிறவர்களுக்குக் கால் இரண்டு இடத்திலும் ஊன்றாது. வாரத்துக்கு இரண்டு நாள், நேரம் குறித்துப் பேசுங்கள். உங்களுக்கு மாலை ஆறரை என்றால் கடலூரில் ஒன்பது, அம்மா சீரியல் முடித்திருப்பார்.

இப்போது பேனர். சபைகள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அனுப்பும்போது மாலை, மேளம், ஆளுயர பேனர். அனுப்பிய பிறகு மாதம் ஒரு அறிக்கை வந்தால் போதும் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பிள்ளை தூங்குகிறதா, சாப்பிடுகிறதா என்று கேட்க ஒரு ஆளையாவது நியமிக்க வேண்டாமா? எலியா சோர்ந்து படுத்தபோது தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும் என்று பிரசங்கத்தில் சொல்லத் தெரிந்தவர்கள்தான் இவர்கள். எல்லோருக்கும் போகிற ஜெபக்கடிதத்தில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம், அது வாட்ஸ்அப் குழுவில் ஊர் சுற்றும். உங்கள் போதகருக்கோ, ஓய்வுநாள் பள்ளியில் கூட இருந்த ஒரு அக்காவுக்கோ தனியாக உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: 'இந்த மாதம் நாலு நாள் அழுதேன். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. உகாலி கிளறினேன், கட்டி தட்டிவிட்டது. ஜெபிக்கிறபோது இதைச் சொல்லி ஜெபியுங்கள்.' அற்புதம் எதுவும் இல்லாத கடிதத்தைப் படித்து அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தால், திரும்பி வரும்போது யார் வாசலில் நிற்பார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

திரும்பலாமா என்பதை இன்று முடிவு செய்யாதீர்கள். மாத்திரையை மாற்றிய பிறகு ஆறு வாரம் கொடுங்கள். ஆனால் இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், பிள்ளைகளைப் பார்த்தும் எந்தச் சந்தோஷமும் இல்லாமல் போனால், அல்லது ஒரு நொடியாவது சாகலாம் என்று தோன்றினால், ஆறு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள், அனுப்பியவர்களிடம் டிக்கெட் போடச் சொல்லுங்கள். காய்ச்சலோடு ஒருவர் பாதியில் திரும்பினால் யாரும் அழைப்பைச் சந்தேகிப்பதில்லை. இதுவும் காய்ச்சல் மாதிரிதான்.

வருடத்தை முடித்துவிட்டே வந்தாலும், வந்தபின் இன்னொரு பள்ளம் உண்டு என்று 1963-லேயே கல்லஹார்ன் என்ற ஆராய்ச்சியாளர் தம்பதி எழுதியிருக்கிறார்கள். உங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்து போகும்போது யாரும் வணக்கம் சொல்லாதது உங்களுக்கு உறுத்தும். அதை அப்போது பேசிக்கொள்வோம். ஊர் வந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை மலேரியா மாத்திரையைத் தொடருங்கள். காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரையும், ஏரியில் கடைசியாக இறங்கிய தேதியையும் எனக்கு உடனே எழுதி அனுப்புங்கள். ரசம் வைக்க மரக்கரி அடுப்பே போதும், நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கறிவேப்பிலை கிடைக்காமல் போகலாம். பரவாயில்லை, அந்த அம்மாவுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.